கோணவாயன்

பரிசோதகர் இடது எஞ்சினின் வேகக் கைப்பிடியான திராட்டிலைப் பின்னால் இழுத்தார். சொல்லாமல்தான் இழுப்பார்கள். வானத்தில் எஞ்சின் நிற்கும்போது அதுவும் சொல்லிவிட்டு நிற்பதில்லை.

விமானி செய்ய வேண்டியது சின்ன வேலை. இடது எஞ்சின் ஓய்ந்தால் விமானத்தின் மூக்கு இடப்பக்கம் திரும்பும். வலது காலால் பெடலை மிதித்து அதை நேராக்க வேண்டும். மிச்சமிருக்கிற எஞ்சினுக்குக் கையால் வேகம் கூட்ட வேண்டும். அவன் கையை முன்னே தள்ளினான். கையோடு கூடவே இடது காலும் முன்னே போயிற்று.

மூக்கு போய்க்கொண்டிருந்த பக்கத்துக்கே இன்னும் வேகமாகப் போனது. சரக்கு விமானம் ஒரு தோளைச் சாய்த்தது. ஜன்னலில் வானம் இருந்த இடத்துக்கு வயல் வந்தது.

"விடுங்க," என்றார் பரிசோதகர். கத்தவில்லை. அவன் விட்டான்.

இறங்கி, எஞ்சின்களை அணைத்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. குள்ளமான பெண். வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய் இருக்கும். அதைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுக் கேட்டார்.

"கேப்டன், அந்த இடது காலுக்கு யாரு சம்பளம் குடுக்கறாங்க? எங்க கம்பெனி இல்லையே."

"பழைய கம்பெனி, மேடம்."

"இன்னுமா குடுக்கறாங்க?"

"மூடிட்டாங்க."

"மூடினது காலுக்குத் தெரியல போலிருக்கு." அவர் சிரிக்கவில்லை. "இன்னொரு வாய்ப்பு உண்டு. மூணாவது கிடையாது. உங்க வயசுக்கு வேற எந்தக் கம்பெனியும் ஃபோன் பண்ணாது. பயமுறுத்தல, உள்ளதச் சொல்றேன். அடுத்த தடவயும் இந்தக் கால் வந்துச்சுன்னா நீங்க பயணியாத்தான் பறக்கணும்."

அவன் தலையாட்டினான். அது தன்னைப் பற்றிய பேச்சு என்று தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்தக் காலைப் பழக்கியது கோணவாயன்.

கோணவாயன் பழைய கம்பெனி செய்த ஒரு சின்னத் தாக்குதல் விமானம். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு எஞ்சின், ஒரே ஒரு பீரங்கி. மரத்துக்கு மேலே தாழப் பறந்து தரையில் வரும் டாங்கிகளைச் சுட வேண்டும். அதற்குத்தான் அது பிறந்தது. பீரங்கி சுட்டால் புகை வரும். அந்தப் புகை எஞ்சினுக்குள் போனால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அதனால் வடிவமைத்தவர்கள் பீரங்கியை வலது விலாவில் வைத்தார்கள். எஞ்சின் காற்றிழுக்கும் துளையை இடது பக்கம் மட்டும் வைத்தார்கள். வலது பக்கம் துளையே இல்லை. எஞ்சினையும் கோணலாகப் பொருத்தி, புகைபோக்கியை வளைத்து நேராக்கினார்கள். முன்னாலிருந்து பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட முகம். ராணுவத்திலிருந்து பார்க்க வந்தவர்களில் ஒருவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அதற்கு எண்ணும் எழுத்துமாக ஒரு பெயர் உண்டு. விமானக் கொட்டகையான ஹேங்கரில் யாரும் அதைச் சொன்னதில்லை.

ஓட்டுவது கஷ்டமில்லை. ஒரு பழக்கம் மட்டும் வேண்டும். வேகம் கூட்டினால் மூக்கு வலப்பக்கம் ஓடும். சுட்டாலும் வலப்பக்கம்தான் ஓடும். ஓடிய பிறகு திருத்தலாம் என்று காத்திருந்தால் தாமதம். கை முன்னே போகும்போதே இடது காலும் போக வேண்டும். தள்ளுவது எந்தக் கை என்பது கூடப் போகப் போகக் காலுக்குக் கணக்கில்லாமல் போனது. பல வருடம் வேறெதையும் ஓட்டாமல் அதையே ஓட்டினான். காரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் சும்மா இருக்கும் இடது கால் கார்ப்பாயை அழுத்தும். அந்தப் பக்கம் பாயில் ஓட்டை விழுந்திருந்தது.

நன்றாகவே பறந்தது. நன்றாகவே சுட்டது. தரைப்படைக்கு அது வேண்டும். வான்படைக்கு வேண்டாம். வாங்க வேண்டியது வான்படை. கொஞ்ச நாள் பேச்சு நடந்தது, பிறகு பேச்சும் நின்றது. ஒரு காலை எல்லோரையும் ஹேங்கருக்குள் கூப்பிட்டு, இதோடு முடிந்தது என்றார்கள். கேட்டவர்கள் திரும்பி விமானியின் முகத்தைப் பார்த்தார்கள். அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒன்றும் பொங்கவில்லை. அவன் எல்லோரிடமும் கைகுலுக்கினான். போகிற வழியில் குளியலறைக்கு ஒரு பல்பு வாங்கினான். வீட்டுக்கு வந்து மாட்டினான். எரிந்தது.

அன்று வராதது அப்புறமும் வரவில்லை. சாப்பிட்டான், தூங்கினான். யாராவது ஜோக் சொன்னால் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான்.

பரிசோதனையில் தோற்ற கதையை அவன் மனைவியிடம் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னான். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எந்த வியாதியைச் சொன்னாலும் எத்தனை வேளை என்றுதான் முதலில் யோசிப்பாள்.

"உக்காருங்க," என்றாள்.

சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். மேசைக்கடியில் செருப்பைக் கழற்றி, தன் பாதங்களை அவன் பாதங்கள் மேல் வைத்துக்கொண்டாள். உப்பு டப்பாவை அவன் கைக்கருகில் நகர்த்தினாள்.

"இதான் உங்க திராட்டில். முன்னால தள்ளுங்க."

தள்ளினான். அவன் இடது கால் அவள் காலைத் தூக்கியது. அவள் இன்னொரு காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

"ஐயோ!"

"மாட்டுக்கு இப்படித்தான் புரியும். மறுபடி."

காலையில் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு வேளை, மாலையில் வந்ததும் ஒரு வேளை. உப்பு டப்பா மேசையில் ஒரு தடம் போட்டது. கை போக வேண்டும், கால் காத்திருக்க வேண்டும். அவள் மேசையின் ஓர் ஓரத்தைத் தட்டுவாள். இடது ஓரம் தட்டினால் இடது எஞ்சின் செத்தது, வலது கால் வர வேண்டும். வலது ஓரம் என்றால் இடது கால். தட்டாமலே இருந்தால் இரண்டும் சும்மா கிடக்க வேண்டும். இதுதான் கடினம். சும்மா கிடக்க அந்தக் காலுக்குத் தெரியவே தெரியாது.

கல்லூரியில் படிக்கும் மகள் லீவுக்கு வந்திருந்தாள். கதவருகே நின்று வேடிக்கை பார்த்தாள்.

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் மேசைக்கடில என்ன பண்றீங்கன்னு வெளிய சொன்னா நம்ப மாட்டாங்க."

"உங்கப்பாவுக்குக் கால்கட்டு போடறேன்டி. கல்யாணத்தப்ப சரியா போடல."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்த நேரம் பார்த்து மனைவி இடது ஓரத்தைத் தட்டினாள். வலது கால் போயிற்று. இடது கால் கிடந்த இடத்தில் கிடந்தது.

"ம்," என்றாள் மனைவி. "கேக்குது."

இரண்டாம் பரிசோதனை வியாழக்கிழமை என்று கடிதம் வந்தது. அதற்கு முந்தின ஞாயிறு மச்சான் வந்தான்.

மச்சான் மனைவியின் தம்பி. கோணவாயனின் மெக்கானிக்குகளில் மூத்தவன். விமானியை அந்த வேலையில் சேர்த்துவிட்டவனே அவன்தான். கம்பெனி மூடிய பிறகு லிஃப்ட் பழுது பார்க்கும் இடத்தில் இருந்தான்.

"லிஃப்ட் எப்படிடா இருக்கு?" என்றாள் அக்கா.

"நேரா மேல போகுது, நேரா கீழ வருது. அதுக்கு ஒரு மெக்கானிக்கு. வெளிய சொல்ல வெக்கமா இருக்குக்கா." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தான். "அத்தான், பூட்டு கூப்பிட்டாரு."

பூட்டு என்பது கம்பெனியைக் கலைக்க அரசு அனுப்பிய அதிகாரி. வந்த முதல் நாள் கதவு கதவாகப் போய்ப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். அன்று விழுந்த பெயர்.

"என்னவாம்?"

"நம்ம கோணவாயன சுடுதளத்துக்குக் குடுத்துட்டாங்க."

"எதுக்கு?"

"சுடத்தான். புதுசா வர்ற விமானிங்க குறி பாத்துப் பழகணுமாம். தரையில நிக்க வச்சு மேலருந்து சுடுவாங்க."

மனைவி அடுப்பை அணைத்தாள்.

"லாரில ஏத்தணும்னா ரெக்கைய அறுக்கணும்," என்றான் மச்சான். "ஒரே துண்டு, கழட்ட வராது. முழுசா வேணும்னா பறந்துதான் போகணும். சுடுதளத்துல ஒரு ரன்வே இருக்கு. பறக்கற அனுமதியும் இந்த மாசக் கடைசி வரைக்கும் இருக்கு. அத்தான் சரின்னா புதன்கிழமை காலைல. இல்லன்னா லாரி. அறுக்கறதுக்கும் என்னையத்தான் வரச் சொல்லியிருக்காரு. உள்ள எந்தக் குழாய் எங்க ஓடுதுன்னு வேற யாருக்கும் தெரியாதாம்."

"வியாழக்கிழமை டெஸ்ட்டு," என்றாள் அக்கா.

"தெரியும்கா."

"தெரிஞ்சுதான் வந்து உக்காந்திருக்கியா? இவர் கால மிதிச்சு மிதிச்சு என் கால் வீங்கிக் கெடக்கு. ஒரு தடவ அதுல ஏறி உக்காந்தா எல்லாம் போச்சு. கூடப் பொறந்தவன்னு பாக்கறேன், இல்லன்னா டீ கூடக் கிடையாது உனக்கு."

"அக்கா, நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல."

"முழுசா போனா மட்டும் மால போட்டு வரவேற்கவா போறாங்க? அங்கயும் சுடத்தானே போறாங்க. அறுத்துச் சுட்டா என்ன, அறுக்காம சுட்டா என்ன?"

மச்சான் டீயைப் பார்த்தான். "எனக்கு அறுக்க வராதுக்கா," என்றான்.

இரண்டு பேரும் விமானியைப் பார்த்தார்கள்.

"போறேன்," என்றான்.

"ஏன்?" என்றாள் மனைவி.

பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு வெளியே வந்து உதட்டைக் கடித்துப் பார்ப்பார்கள். வலிக்காது என்று தெரியும், இருந்தாலும் கடித்துப் பார்ப்பார்கள். அதுபோல ஒன்று. அதில் ஒரு முறை ஏறி உட்கார்ந்தால், அன்று ஹேங்கரில் வராதது வந்தாலும் வரலாம். இதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்ல முடியாது.

"தெரியல," என்றான்.

மனைவி உப்பு டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்தாள். "பழைய காலோட வீட்டுக்கு வந்தீங்கன்னா," என்றாள், "வாசல்லயே கழட்டி வச்சிட்டு உள்ள வாங்க." அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை வரை வழக்கம்போல் மேசைக்கடியில் பயிற்சி நடந்தது.

புதன்கிழமை ஹேங்கர் பெரிதாக இருந்தது. இயந்திரங்களை விற்றுவிட்டார்கள். அவை நின்ற இடங்களில் தரை வெளிறிக் கிடந்தது. பெயர்ப்பலகை இருந்த சுவரில் நான்கு திருகாணி ஓட்டைகள். நடுவில் கோணவாயன். மச்சான் முந்தின நாளே வந்து டயர்களுக்குக் காற்றடித்து, எண்ணெய் மாற்றி, எஞ்சினை ஓட்டிப் பார்த்திருந்தான். மேலே துடைத்தும் வைத்திருந்தான். சுடப்போகிற பொருளை எதற்குத் துடைத்தாய் என்று பூட்டு கேட்டாராம். பழக்க தோஷம் என்றானாம்.

விமானி சுற்றி வந்து பார்த்தான். துளைக்குள் கைவிட்டுப் பார்த்தான். பீரங்கியை எடுத்துவிட்டு, அதன் எடைக்கு இரும்புக் கட்டிகளை வைத்திருந்தார்கள். ஏணியில் ஏறி உட்கார்ந்தான். இருக்கை அவன் முதுகின் அளவுக்கே குழிந்திருந்தது. மச்சான் வார்களை இழுத்துக் கட்டினான், ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டினான்.

"போய்ட்டு வாங்கன்னு சொல்ல முடியாது அத்தான். போய் விட்டுட்டு வாங்க."

"சரி மாப்ள."

மச்சான் ஏணியை எடுத்துக்கொண்டு போனான். அவன் முகத்தைத் துடைத்துக்கொள்வது கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து தெரிந்தது. விமானி தன்னைக் கவனித்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. வார் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

ஓடுபாதையின் முனையில் நிறுத்தி, அனுமதி கேட்டு, திராட்டிலை முன்னே தள்ளினான்.

கை போயிற்று. கால் காத்திருந்தது.

மூக்கு வலப்பக்கம் நகர்ந்தது. நகர்வதை அவன் பார்த்தான். இடது கால் என்று நினைத்தான். நினைத்தபின் கால் போனது, சரியான கால்தான், சரியான பக்கம்தான். ஆனால் கோணவாயனுக்குச் சரியாக இருந்தால் போதாது, முன்கூட்டியே இருக்க வேண்டும். வலது சக்கரம் ஓடுபாதையின் ஓரத்தைத் தாண்டிப் புல்லில் இறங்கியது. திராட்டிலைப் பின்னால் இழுத்தான், பிரேக்கை மிதித்தான். முன்சக்கரம் ஒரு குழியில் விழுந்தது. விமானம் தலையைக் குனிந்து நின்றது.

எஞ்சினை அணைத்தான். புல்வாசம் உள்ளே வந்தது. இடது காலைப் பார்த்தான். நன்றாகத் தேறிய கால். சொல்லிக் கொடுத்தபடி காத்திருந்தது.

மச்சான் ஓடுபாதை நெடுக ஓடி வந்தான். தொப்பை குலுங்க ஓடி வந்தான். மூச்சு வாங்கியபடி பெடலைத்தான் முதலில் பார்த்தான்.

"கேபிளா? பெடல் மாட்டிக்கிச்சா? நான் நேத்து ரெண்டு தடவ பாத்தேன் அத்தான். என் தப்பா?"

"இல்ல. கால் வரல."

"வரலன்னா?"

"வரல மாப்ள. வழக்கமா தானா வரும். இன்னிக்கு வரல."

மச்சான் அவனைப் பார்த்தான், பெடலைப் பார்த்தான், மறுபடி அவனைப் பார்த்தான். "அக்கா வேலையா?" என்றான்.

"அக்கா வேலைதான்."

மச்சான் சிரிக்க ஆரம்பித்தான். இறக்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு அது சிரிப்பாக இல்லை. விமானி வார்களை அவிழ்த்துக்கொண்டு, அது முடியும் வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

"இன்னொரு தடவ பாப்போமா?" என்று கேட்டு மச்சான் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தான். அதன் தண்டு வளைந்திருந்தது. அதற்கு மாற்றுத் தண்டு உலகத்தில் எங்கும் இல்லை. அவனே பதில் சொல்லிக்கொண்டதுபோல எழுந்து கையைப் பேன்ட்டில் துடைத்தான்.

பூட்டின் கார் வந்தது. அவர் இறங்கி, முதலில் விமானியின் கை கால்களைப் பார்த்தார். "அடி ஒண்ணும் இல்லையே?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. பிறகு கோணவாயனைப் பார்த்தார். "அப்ப லாரிதான்," என்றார்.

மத்தியானம் ஹேங்கருக்குள் இழுத்து வந்து அறுத்தார்கள். மச்சான் சாக்கட்டியால் கோடு போட்டான். "நீங்க கெளம்புங்க அத்தான். நாளைக்கு டெஸ்ட்டு."

"எதப் புடிக்கணும்?" என்றான் விமானி.

மச்சான் இறக்கை நுனியைக் காட்டினான். யாராவது தாங்கிப் பிடிக்காவிட்டால் கடைசியில் ஒடிந்து விழும். விமானி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ரம்பம் சுற்றியது. உள்ளே உலோகம் இல்லை. இறுகிய வெள்ளை நுரைதான். தூள் பறந்து புருவத்திலும் சட்டையிலும் படிந்தது. மச்சான் கோட்டை விட்டு விலகாமல் அறுத்தான். எனக்கு வராது என்றவன்தான். முடியும்போது இறக்கையின் எடை விமானியின் கைக்கு வந்தது. அதிகமில்லை. சுமந்துபோய்ச் சுவரோரம் சாத்தினான். திரும்பி வந்து அடுத்ததைப் பிடித்தான்.

வீட்டுக்குப் போனபோது மனைவி வாசலிலேயே நின்றாள். சுடுதளத்திலிருந்து வருகிறவன் இவ்வளவு சீக்கிரம் வர முடியாது. தூளைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"ரெக்கை."

"பறக்கலையா?"

"கால் வரல."

அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் முகம் மலர்ந்தது. "வரவே இல்லையா? தானா வரலையா? அப்ப நாளைக்கு..." என்றவள் அவனைப் பார்த்து நிறுத்தினாள். சட்டையைத் தட்டிவிட்டாள். தூள் போகவில்லை. கழற்றச் சொல்லி வாங்கிப் பக்கெட்டில் ஊறப்போட்டாள்.

"அழணும்னா அழுங்களேன்," என்றாள் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டே.

"வந்தா அழ மாட்டேனா?"

அவள் ரொட்டியும் முட்டையும் எடுத்து வைத்தாள். அவன் சாப்பிட்டான்.

வியாழக்கிழமை தெளிவான வானம். பரிசோதகர் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு ஏறினார். பழையதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மேலே போய், திரும்பி, தாழ்ந்து வரும்போது இடது திராட்டிலை இழுத்தார்.

கை முன்னே போயிற்று. கால் காத்திருந்தது. மூக்கு இடப்பக்கம் நகர்ந்தது. வலது கால் போய் அதை நிறுத்தியது. விமானம் தோளைக்கூடச் சாய்க்கவில்லை.

அவர் வேறு சிலவற்றையும் பார்த்தார். கடைசியில், "இறக்குங்க கேப்டன், போதும்," என்றார்.

"மேடம், இன்னொரு தடவ இழுக்கறீங்களா?"

"எதுக்கு? பாஸ் ஆயாச்சு."

"பாக்கணும்."

அவர் அவனைப் பார்த்தார். பிறகு இழுத்தார். கை போயிற்று. அவன் இடது பெடலின் மேல் மனதை வைத்துக் காத்திருந்தான். ஒரு துடிப்பு, ஒரு அசைவு, அரைகுறையாக ஒன்று. இல்லை. வலது கால் தன் வேலையைச் செய்தது.

"சுத்தம்," என்றார் அவர். "யாரு ட்ரெயினிங்?"

"வீட்டுல."

"அவங்களையும் வேலைக்கு எடுக்கலாம் போல." இறங்கியதும் அவரே அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். திங்கட்கிழமையிலிருந்து வேலை. இரண்டு ஊருக்கு நடுவே, போகவும் வரவும், பார்சல் மூட்டைகள். மேசைக்குப் பின்னால் இருந்தவள் சீருடை தைக்கச் சட்டை அளவு கேட்டாள். அவனுக்கு அது சட்டென்று வரவில்லை. வெளியே வந்து மனைவியைக் கூப்பிட்டான். மருந்துக்கடையின் சத்தம் கேட்டது.

"என் சட்டை அளவு என்ன?"

மறுமுனையில் அவள் மூச்சை இழுத்துவிட்டாள். யாரிடமோ, ஒரு நிமிஷம் இருங்க, என்றாள்.

"நாப்பத்திரெண்டு," என்றாள். "கழுத்துகிட்ட கொஞ்சம் தளர்வா வைக்கச் சொல்லுங்க. இறுக்கினா உங்களுக்குப் புடிக்காது."

"சரி," என்றான். உள்ளே போய் அப்படியே சொன்னான்.